குதிரைக்கும் ஒரு பெட்டி

முதலில் அந்தக் குதிரையைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் பிறகு.

1850-கள். வட வேல்ஸின் மலைச்சரிவு. பாறையை ஒட்டி வளைந்து வரும் ஒற்றைப் பாதையில், சிலேட்டுக் கல் அடுக்கிய வேகன்கள் கடகடவென்று இறங்கி வருகின்றன. முன்னால் இஞ்சின் இல்லை. பின்னாலும் இல்லை. இழுப்பவர், தள்ளுபவர் எவருமில்லாமல் ஒரு முழு ரயில் ஓடி வருகிறது! அந்த வரிசையோடு கோத்த தாழ்வான ஒரு பெட்டிக்குள் நிற்கிறது ஒரு குதிரை. வாய்க்கு எட்டும் இடத்தில் தீனி. காற்று பிடரி மயிரைக் கலைக்கிறது. காலி வேகன்களை மலை மேலே இழுத்துக்கொண்டு போனது அதுதான். திரும்பும்போது தனக்கென்றே செய்த பெட்டியில் பயணியாக வருகிறது.

இந்த ரயிலின் பெயர் ஃபெஸ்டினியோக் ரயில்வே. இன்றும் உயிரோடிருக்கும் ரயில் கம்பெனிகளில் உலகிலேயே மிகப் பழையது. 1832-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டத்தால் பிறந்து, 1836-இல் ஓடத் தொடங்கியது. பிளைனை ஃபெஸ்டினியோக் என்ற மலையூரின் சிலேட்டுச் சுரங்கங்களிலிருந்து போர்த்மாடோக் துறைமுகம் வரை 13½ மைல். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 597 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டடிக்கும் அரை அங்குலம் குறைவு! நம் ஊர் அகலப்பாதையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். படத்தில் பார்ப்பவர்கள் அழகான பொம்மை ரயில் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது ஆறவே ஆறாது. இந்த ரயில் செய்த ஒவ்வொரு அதிசயமும் அதன் குறுகலிலிருந்துதான் பிறந்தது. அதைக் காட்டத்தான் உங்களைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ரயில் எதற்கு என்று முதலில் பார்த்துவிடலாம். பிளைனையைச் சுற்றியுள்ள மலைகளுக்குள் இருப்பது சிலேட்டுக் கல். நம்மில் பலர் ஒன்றாம் வகுப்பில் மடியில் வைத்து எழுதிய அதே வகைக் கல்தான். ஐரோப்பாவில் அது கூரைக்குப் போனது. ஆலைத் தொழில் பெருகி, நகரங்கள் வீங்கி, வீடுகள் வரிசை வரிசையாக எழுந்த காலம் அது. அத்தனைக்கும் கூரை வேண்டும். 1842-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் பெருந்தீயில் எரிந்தபோது, மறுபடி கட்டிய வீடுகளுக்கு இங்கிருந்து கல் போனது.

ரயில் வருவதற்கு முன்னால் கல்லின் பாடு பெரும்பாடு. மலையிலிருந்து பொதிக்குதிரையிலும் கட்டை வண்டியிலும் ஆற்றங்கரைக்கு வரும். அங்கே இறக்கிப் படகில் ஏற்றுவார்கள். படகு கழிமுகம் வரை போகும். அங்கே மறுபடி இறக்கிக் கப்பலில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் சில கற்கள் உடையும். மெல்லிய கல் அல்லவா!

வில்லியம் மேடக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1811-இல் அந்தக் கழிமுகத்தின் குறுக்கே கிட்டத்தட்ட ஒரு மைல் நீளத்துக்கு ஒரு கரை கட்டி முடித்திருந்தார். காப் என்று பெயர். அவர் கட்டியது ரயிலுக்காக அல்ல, கடலிடமிருந்து விளைநிலத்தை மீட்பதற்காக. அந்தக் கரையின் ஓரத்தில் துறைமுகம் வந்தது, துறைமுகத்தைச் சுற்றி ஊர் வந்தது. ஊரின் பெயரே போர்த்மாடோக். சாமுவேல் ஹாலண்ட் என்ற குவாரி முதலாளிக்குக் கல்லைத் துறைமுகத்துக்கு நேராகக் கொண்டுபோக வழி தேவைப்பட்டது. ஹென்றி ஆர்ச்சர் என்ற டப்ளின்காரர் அயர்லாந்தில் பணம் திரட்டினார். பாதையை வரைந்து கொடுத்தவர் ஜேம்ஸ் ஸ்பூனர்.

ஸ்பூனரின் வேலையைச் சும்மா கடந்துபோக முடியாது. பிளைனைக்கும் கடலுக்கும் ஏறத்தாழ 700 அடி உயர வித்தியாசம். அந்த 700 அடியையும் மொத்தப் பாதையின் மேல் சீராகப் பரப்பிவிட்டார் மனிதர். சராசரியாக 90 அடிக்கு 1 அடி இறக்கம். மேடே கிடையாது. மட்டமும் கடைசியில் வரும் காப் கரையில்தான். வேகன்கள் தாமாக உருளும் அளவுக்குச் சரிவு இருக்க வேண்டும். பிரேக்குக்கு அடங்காமல் பிய்த்துக்கொண்டு ஓடும் அளவுக்கும் இருக்கக் கூடாது. காலி வேகன்களைக் குதிரை மேலே இழுக்கவும் முடிய வேண்டும். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் பிடிக்க, மலை வளைந்த இடத்திலெல்லாம் பாதையையும் வளைத்தார். தண்டவாளம் குறுகலாக இருந்ததால்தான் அப்படிச் சுருக்கமாக வளைக்க முடிந்தது. பள்ளம் குறுக்கிட்ட இடத்தில் கருங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கரை எழுப்பினார்கள். சாந்து கிடையாது, வெறும் அடுக்கு. அவற்றில் பெரியது 62 அடி உயரம். இன்றும் அதன் மேல்தான் ரயில் போகிறது!

ஓரிடத்தில் மட்டும் மலை விட்டுக்கொடுக்கவில்லை. மோயல்வின் மலை முதுகு குறுக்கே நின்றது. ஆரம்ப வருடங்களில் கல் வேகன்களை நீர்ச்சக்கரத்தின் பலத்தால் ஒரு சாய்தளத்தில் மேலே இழுத்து, அந்தப் பக்கம் இறக்கினார்கள். 1842-இல் 730 கெஜ நீளத்துக்குக் குகை வெட்டிய பிறகுதான் மேலிருந்து கீழே வரை ஒரே ஓட்டமாக உருண்டு வர முடிந்தது.

1856-இல் அச்சடித்த கால அட்டவணை ஒன்று இருக்கிறது. ரயில் பைத்தியங்களுக்கு அது தங்கப் பத்திரம். ஒரு நாளைக்கு ஆறு ரயில்கள் இறங்கும், ஆறு ஏறும். குவாரி முனையிலிருந்து கரைமுனை வரை இறங்க மிகக் குறைந்த நேரம், நடுவில் மூன்று நிறுத்தங்களோடு சேர்த்தே, 1 மணி 32 நிமிடம். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட 6 மணி நேரம்! ஏறும் ரயில் நான்கு துண்டுகள் வரை பிரிந்து போகும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குதிரை, எட்டுக் காலி வேகன், கூடவே திரும்பி வருவதற்கான குதிரைப் பெட்டி. அதாவது தன் சொந்த வண்டியையும் குதிரையே இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கணக்கில் ஓட்டினால் வருடத்துக்கு 70,000 டன் கல் இறக்கலாம்.

பிரேக் பிடிப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் நகர மாட்டேன். இறங்கும் ரயிலுக்கு டிரைவர் கிடையாது, அவர்கள்தான் எல்லாம். கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேவைப்படும்போது ஓடும் ரயிலில் வேகன் விட்டு வேகன் தாவிப்போய்க் கைப்பிடியை அழுத்த வேண்டும். எந்த வளைவுக்கு முன்னால் எத்தனை பிரேக், மழை நாளில் எத்தனை, காய்ந்த நாளில் எத்தனை என்பதெல்லாம் உடம்பில் ஊறிய கணக்கு. இருட்டுக் குகைக்குள்ளும் அதே வேலை. பின்னாளில் 80 வேகன் கோத்த ரயில்கள் சர்வசாதாரணமாகிவிட்டன. 100 டன்னுக்கு மேல் கல், ஒரு சொட்டு நீராவி இல்லாமல்! நீராவி இஞ்சின்கள் வந்து எழுபது வருடங்களுக்கு மேலான பிறகும், 1939 வரை, கல் ரயில்கள் இப்படித்தான் இறங்கின. இறங்குவதற்கு இஞ்சின் எதற்கு? பூமியின் ஈர்ப்புக்குக் கரிச் செலவு இல்லையே. இப்போதும் விழா நாட்களில் பழைய வேகன்களைக் கோத்து, பயிற்சி பெற்ற ஆட்களை மேலே உட்காரவைத்து, அப்படி ஒரு ரயிலை உருட்டிக் காட்டுகிறார்கள். புகையில்லாமல், சக்கரங்களின் கிணிகிணிச் சத்தத்தோடு அது வளைவு திரும்புவதைப் பார்த்தால் குழந்தைகளும் தாத்தாக்களும் ஒரே மாதிரி கத்துகிறார்கள்.

வாருங்கள், மலைக்குள் போவோம்.

பிளைனையில் கல் எடுத்தது திறந்த பள்ளத்திலிருந்து மட்டுமல்ல. படுகை மலைக்குள் சரிந்து இறங்குவதால், கல்லைத் துரத்திக்கொண்டு உள்ளே உள்ளே போனார்கள். மாடி மாடியாகக் குடைந்த அறைகள். மேற்கூரை விழாமலிருக்க, அறைக்கும் அறைக்கும் நடுவே அகலமான பாறைச் சுவரை விட்டுவைப்பார்கள். ஓக்லி சுரங்கம் உலகின் மிகப் பெரிய நிலத்தடிச் சிலேட்டுச் சுரங்கம் என்று பெயர் வாங்கியது. பாறை பிளப்பவர் மேலேயிருந்து தொங்கும் சங்கிலியைத் தொடையில் சுற்றிக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துளை போடுவார். வெடித்து விழுந்த பாளங்களைச் சின்ன ட்ராலிகளில் வெளியே தள்ளி வருவார்கள். அந்தத் தள்ளுவண்டிப் பாதையின் அகலமும் கிட்டத்தட்ட இரண்டடிதான். பெரிய ரயிலின் அகலம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

வெளியே கொட்டகையில் உட்கார்ந்து ஒருவர் உளியை வைத்து மெல்லத் தட்டுவார். பாளம் புத்தகம் பிரிவதுபோல் ஏடு ஏடாகப் பிரியும். பிரிந்த கற்களுக்கு அளவுப்படி பெயர்: மகாராணி, இளவரசி, டச்சஸ், கவுண்டஸ், லேடி. அழுக்குக் கொட்டகையில் அரண்மனையே குடியிருந்தது! விற்பனைக்குத் தேறும் ஒரு டன் கல்லுக்குப் பத்து டன் போலக் கழிவு. அந்தக் கழிவு மலைகள்தான் இன்றைக்கும் ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. மழை பெய்தால் பளபளக்கும். உழைத்த உடம்புகளுக்கு அந்தத் தூசு என்ன செய்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நுரையீரல் நோய் இந்த ஊரின் வீடுதோறும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் கூடிய சின்னக் கல்வீட்டில் பாட்டும் விவாதமும் நடக்கும். அங்கே சபைத் தலைவர், செயலாளர் எல்லாம் உண்டு.

பக்கத்து கிரெய்க் தீ குவாரிக்காரர்கள் வீடு திரும்பிய விதத்தைக் கேளுங்கள். குவாரி மலை உச்சியில், வீடு அடிவாரத்தில், நடுவே கல் இறக்கும் செங்குத்தான சாய்தளங்கள். ஆளுக்கொரு சின்னப் பலகை. பலகையின் ஒரு முனையில் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கரம். பக்கவாட்டில் ஓர் இரும்புக் கை நீண்டு அடுத்த தண்டவாளத்தின் மேல் உருளும். ஒரு கைப்பிடி பிரேக். வேலை முடிந்ததும் எல்லாரும் அவரவர் பலகையில் உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக, மலையிலிருந்து சர்ரென்று வழுக்கிக்கொண்டு வருவார்கள்! முரட்டு வண்டி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். முதலில் இறங்குபவர் ஒரு மூத்தவர், வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவர் பொறுப்பு. இந்த ஊர்க்காரர்களுக்கும் ஈர்ப்பு விசைக்கும் இருந்த சிநேகம் அப்படி.

இரண்டாம் உலகப் போரில், பிளைனைக்குப் பக்கத்திலிருக்கும் மனோட் மலைக்குள் இன்னொரு சரக்கு வந்தது. லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்கள்! குண்டுவீச்சுக்குத் தப்ப 1941-இல் சிலேட்டுச் சுரங்கத்துக்குள் காற்றின் ஈரம் பார்த்துக் கட்டிய அறைகளில் அவற்றை அடுக்கினார்கள். உள்ளே படங்களை நகர்த்த ஒரு குறுகிய ரயில் பாதை. வான் டைக் வரைந்த, குதிரை மேல் அமர்ந்த முதலாம் சார்லஸ் மன்னரின் பிரம்மாண்டப் படம் வழியிலிருந்த பாலத்துக்கு அடியில் நுழையவில்லை என்பதால், பாலத்தின் கீழ் சாலையையே வெட்டித் தாழ்த்தினார்கள்.

சரி, நீராவிக்கு வருவோம். கல் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போக, 70,000 டன் கணக்கு போதவில்லை. குதிரைக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும் ஏற்றம்தான் கழுத்தை நெரித்தது. இவ்வளவு குறுகிய பாதையில் நீராவி இஞ்சினா, கவிழாதா என்று தலையாட்டியவர்கள் பலர். ஜேம்ஸின் மகன் சார்லஸ் ஈஸ்டன் ஸ்பூனர் அசரவில்லை. லண்டனில் ஜார்ஜ் இங்கிலாந்து என்பவரின் பட்டறையில் குட்டி இஞ்சின்கள் தயாராயின. 1863-இல் பிரின்சஸும் மவுன்டனீரும் ஓடத் தொடங்கின. பின்னாலேயே பிரின்ஸும் பாமர்ஸ்டனும் வந்தன. டிரைவருக்கு மேற்கூரை கூடக் கிடையாது. பிரின்ஸ் இன்றும் ஓடுகிறது! குழந்தைகளின் ரயில் கதைகள் எழுதிய பாதிரியார் ஆட்ரி, 'டியூக்' என்ற கிழட்டு இஞ்சினை இதைப் பார்த்துத்தான் படைத்தார்.

1865-இல் அதிகாரபூர்வமாகப் பயணிகளும் ஏறினார்கள். பிரிட்டனில் குறுகிய பாதையில் பயணிகள் ரயில் அதுதான் முதல். பெட்டிகள் நான்கு சக்கரத்தில் தரையோடு தரையாக இருக்கும். நடுவில் முதுகோடு முதுகாக ஒரே நீள இருக்கை. எடை நடுவில் இருந்தால் கவிழாது. குகைச் சுவர் கையெட்டும் தூரத்தில் உரசிப்போகும் என்பதால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் ரயிலை விடுவார்கள். அந்நாளில் இறங்கும் பயணம் நடந்த விதம் தலை சுற்ற வைக்கும். கல் வேகன்கள் தனியாக, சரக்கு வேகன்கள் தனியாக, பயணிகள் பெட்டிகள் தனியாக, இஞ்சின் தனியாக, ஒன்றோடொன்று கோக்காமல் நான்கு துண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக மலையிறங்கும். ஆபத்தானதுதான். பிறகு பயணிகள் பெட்டிகளை இஞ்சினோடு கோத்துவிட்டார்கள்.

இப்போது ஒரு காதல் கதை. இந்த ரயிலின் தலையெழுத்தை மாற்றிய கதை என்பதால் தாராளமாகச் சொல்லலாம்.

ராபர்ட் ஃபேர்லி என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், இஞ்சின் செய்துகொடுத்த ஜார்ஜ் இங்கிலாந்தின் மகள் எலைசாவை 1862-இல் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். அப்பா கொதித்துப்போனார். என் சம்மதம் இருந்ததாகப் பொய்ச் சத்தியம் செய்தான் என்று மாப்பிள்ளை மேல் வழக்கு. சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை நடந்தது. பெண்ணின் தாயை ஜார்ஜ் சட்டப்படி மணந்ததே இல்லை, வேறொரு மனைவி இருக்கும்போதே இவரோடு வாழ்ந்தார் என்பது அங்கே அவர் வாயாலேயே வெளிவந்தது. அந்தக் காலச் சட்டப்படி அப்படிப் பிறந்த பெண்ணுக்குச் சம்மதம் தர அவருக்கு உரிமையே இல்லை. வழக்கு விழுந்தது. ஃபேர்லி விடுதலை!

அப்புறம் நடந்ததுதான் இன்னும் ருசி. சில வருடங்களில் மாப்பிள்ளையின் புதுமாதிரி இஞ்சினை மாமனாரின் பட்டறையே செய்தது. 1869-இல் வெளிவந்த அதன் பெயர் லிட்டில் ஒண்டர். பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொள்ளத் தோன்றும். முகப்பு எது, பின்புறம் எது என்று தெரியாது. இரண்டு பாய்லர்கள் எதிரெதிர்த் திசை பார்க்க, நடுவில் நெருப்புப் பெட்டி. இரண்டு முனையிலும் புகைபோக்கி. சக்கரங்கள் இரண்டு தொகுதியாகப் பிரிந்து, தனித்தனியாகத் திரும்பும். அதனால் எவ்வளவு சுருக்கமான வளைவிலும் வளைந்து போகும், ஆனால் பலம் இரட்டிப்பு. குறுகிய பாதையில் பெரிய இஞ்சின் வைக்க முடியாதே என்ற கேள்விக்கு இதைவிட அழகான பதிலை நான் பார்த்ததில்லை.

1870 பிப்ரவரியில் அதைச் சோதித்துக் காட்டினார்கள். ரஷ்யாவிலிருந்து கவுண்ட் போப்ரின்ஸ்கி தலைமையில் ஒரு குழுவே வந்து பார்த்தது. ரயில் நீண்டுகொண்டே போனது. ஒரே நேரத்தில் அதன் தலை ஒரு வளைவிலும் நடு இன்னொரு வளைவிலும் வால் மூன்றாவதிலும் இருந்தன. வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தி தங்கப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தார். ஃபேர்லி இஞ்சின்கள் ரஷ்யாவுக்கும் மெக்சிகோவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேறின. ஜோசஃபின் என்ற ஒன்று நியூசிலாந்தின் டனீடின் நகரில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. சோதனைக்குப் பாதையைக் கொடுத்ததற்குக் கைம்மாறாக, ஃபேர்லி தன் காப்புரிமையை ஃபெஸ்டினியோக் கம்பெனிக்கு என்றென்றைக்கும் இலவசமாக விட்டுக்கொடுத்தார்.

அந்த வருடத்தில்தான் இந்தியாவிலும் ஒரு பெரிய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. அகலப்பாதை போட்டே கஜானா காலியாகிறது, குறுகலாகப் போட்டால் என்ன என்று. வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு 1870-இல் மீட்டர் கேஜைத் தேர்ந்தெடுத்தது. குறுகிய பாதை நிஜமாகவே பாரம் சுமக்கும் என்பதற்கு அன்றைய உலகம் விரல் நீட்டிக் காட்டியது இந்த வேல்ஸ் மலைப்பாதையைத்தான். எழும்பூரில் ஏறித் தெற்கே போய்வந்த நம் தலைமுறைகள் அத்தனை பேருக்கும் அந்த வாக்குவாதத்தில் ஒரு பங்கு உண்டு. 1881-இல் டார்ஜிலிங் வரை ஏறிய ரயில் பாதையோ அதே இரண்டடி அகலம்.

சார்லஸ் ஸ்பூனரை விட்டுப்போக மனம் வரவில்லை. பாதையை மேற்பார்வை பார்க்க அவரிடம் ஒரு வண்டி இருந்தது. படகு உருவம், கூரான முன்முனை. மலையிலிருந்து உருண்டு வந்து, மட்டமான காப் கரையை எட்டியதும் பாய்மரம் விரித்துக் கடல் காற்றில் போகலாம்! தண்டவாளத்தில் பாய்மரப் படகு! 1886-இல் ஒரு மோதலில் அது நொறுங்கியது. இந்த நூற்றாண்டில் அதேபோல் ஒன்று மறுபடி செய்திருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் ஓட்ட அவருக்கென்று 1869-இல் பட்டறையில் செய்த டாப்ஸி என்ற நிஜ நீராவி இஞ்சின், மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமான பாதையில் ஓடும். 1872-இல் பிரிட்டனிலேயே முதன்முதலாக, வளைவுக்கேற்பத் திரும்பும் போகி வைத்த பயணிகள் பெட்டிகளைக் கொண்டுவந்ததும் இவர்தான். நீளமான பெட்டி குறுகிய வளைவில் திரும்ப வேறு வழியில்லை அல்லவா? இன்று உலகெங்கும் நீளப் பெட்டிகள் போகி மேல்தான் ஓடுகின்றன. இவ்வளவு யோசித்தவர்கள் இறுதி யாத்திரையை விட்டுவைப்பார்களா? சவப்பெட்டி கொண்டுபோக மேலே கலசங்கள் வைத்த தனி வண்டியும் இவர்களிடம் இருந்தது.

பிறகு சரிவுக் காலம். மலிவான ஓடுகள் வந்தன, போர்கள் வந்தன, லாரிகள் வந்தன. 1939 செப்டம்பரில் பயணிகள் சேவை நின்றது. 1946 ஆகஸ்டில் கல்லும் நின்றது. ஆட்கள் கருவிகளைப் போட்டுவிட்டு அப்படியே நடந்து போனார்கள். இங்கேதான் 1832-இன் சட்டம் கைகொடுத்தது. ரயிலை எப்படிக் கட்டுவது, நடத்துவது என்றெல்லாம் எழுதியவர்கள், மூடுவது எப்படி என்று எழுத மறந்துவிட்டார்கள்! கைவிடுவதற்குச் சட்டத்தில் இடமில்லாததால் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்கு விற்க முடியவில்லை. புதர் மூடியது, இஞ்சின்கள் துருப்பிடித்தன, ஆனால் எல்லாமே இருந்த இடத்தில் இருந்தன.

1951-இல் 17 வயதுப் பையன் ஒருவன், லெனர்ட் ஹீத் ஹம்ஃப்ரிஸ், இதைக் காப்பாற்ற வேண்டும் என்று பிரிஸ்டலில் ஒரு கூட்டம் கூட்டினான். பதினேழு வயது! 1954-இல் ஆலன் பெக்லர் என்ற வணிகர் கம்பெனியின் கட்டுப்பாட்டை வாங்கினார். 1955 ஜூலை 23 அன்று காப் கரை மேல் மறுபடி பயணிகள் போனார்கள். மூச்சு விடுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. மின்வாரியம் மேலே ஒரு நீரேற்று மின்நிலையம் கட்டி, பழைய பாதையின் ஒரு பகுதியை நீர்த்தேக்கத்தில் மூழ்கடித்தது.

வேறு யாராக இருந்தாலும் பாதியில் நிறுத்தி, போனவரை போதும் என்றிருப்பார்கள். இவர்கள் மலையைச் சுற்றிப் புதுப்பாதை போடக் கிளம்பினார்கள். 1965-இல் தொடங்கியது. வார நாளில் ஆசிரியர், குமாஸ்தா, மாணவர். விடுமுறை நாளில் கையில் மண்வெட்டி. நீர்த்தேக்கத்துக்கு மேலே ஏற உயரம் போதவில்லை என்பதால், தியால்ட் என்ற இடத்தில் பாதை ஒரு முழு வட்டம் அடித்துத் தன் தலைக்கு மேலேயே தாண்டிப் போகிறது. பிரிட்டனின் பொதுப் பயணிகள் ரயில்களில் அப்படி ஒரு சுழல் வேறெங்கும் இல்லை. புதுக்குகையைக் குடையக் கார்ன்வாலின் தகரச் சுரங்கங்களிலிருந்து மூன்று பொறியாளர்கள் வந்து முன்னின்றார்கள். மூழ்கிய பாதைக்காக மின்வாரியத்தோடு நடந்த நஷ்டஈட்டு வழக்கு 1972 வரை இழுத்தது. கடைசியில் 1982 மே 25 அன்று ரயில் பிளைனைக்குள் நுழைந்தது. மூலச் சட்டம் கையெழுத்தாகிச் சரியாக 150 வருடமும் இரண்டு நாளும். அந்தத் தேதியைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது எனக்கு.

கடைசிக் கதவு, பட்டறைக் கதவு. காப் கரையின் மறுமுனையில் இருக்கும் பாஸ்டன் லாட்ஜ். மேடக்ஸின் கரை கட்டிய கூலியாட்கள் தங்கிய இடம் அது. பிறகு ரயில் பட்டறையானது. 1879-இல் இங்கேயே தங்கள் கையால் மெர்தின் எம்ரிஸ் என்ற இரட்டை ஃபேர்லி இஞ்சினைச் செய்தார்கள். 1886-இல் லிவிங்ஸ்டன் தாம்சன். அது இப்போது யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் ஒன்று, 1992-இல் டேவிட் லாயிட் ஜார்ஜ். இந்த இஞ்சின்களின் கேபினுக்குள் எட்டிப்பாருங்கள்: நெருப்புப் பெட்டி நடுவில் அடைத்து நிற்பதால் டிரைவர் ஒரு பக்கம், ஃபயர்மேன் மறுபக்கம், நடுவே சூடான இரும்புச் சுவர். கரி போடும் வாய் பக்கவாட்டில். ஃபயர்மேன் இரண்டு நெருப்புகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு பாய்லரின் தண்ணீர் மட்டத்தையும் கவனிக்க வேண்டும். வளைவில் இஞ்சின் உடம்பு ஒரு பக்கம் போக, சக்கரத் தொகுதி இன்னொரு பக்கம் திரும்பும். அதற்கு நீராவி கொண்டுபோகும் குழாய்களின் மூட்டுகளும் கூடவே திரும்பிக்கொடுக்க வேண்டும். ஃபேர்லியின் வடிவத்தை மற்ற ஊர்கள் கைவிட்டதற்கு அந்த மூட்டுகளின் கசிவு ஒரு முக்கியக் காரணம். இங்கே மட்டும் தலைமுறை தலைமுறையாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

2023-இல் அந்தப் பட்டறையிலிருந்து புத்தம்புதிதாக இன்னொரு இரட்டை ஃபேர்லி வெளியே வந்தது. பாதையை வரைந்த அந்த மனிதரின் பெயரையே வைத்தார்கள்: ஜேம்ஸ் ஸ்பூனர். வட வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பு 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது இந்தப் பாதையும் சேர்ந்தேதான் ஏறியது. போக வாய்த்தால் போர்த்மாடோக்கில் இடது ஜன்னலைப் பிடியுங்கள். காப் கரை மேல் போகும்போது ஸ்னோடன் மலைத்தொடர் முழுக்க அந்தப் பக்கம்தான் விரியும். வலப்பக்கம் கடலை மறைத்துக்கொண்டு கற்சுவர் நிற்கும். பட்டறையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும், இஞ்சின் மூச்சிரைக்க ஆரம்பிக்கும். தியால்டில் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்கள் போகப்போகும் தண்டவாளம் உங்கள் தலைக்கு மேல் தெரியும்!